குழந்தைகளிடம் நடக்கும் மருத்துவ ஆய்வு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்கத் தயங்கி மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர்களும் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைப் பெற்றோர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எது நல்லது என்பதை, குழந்தையைப் பார்க்கிற மருத்துவரிடம்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

"ஆராய்ச்சின்னு சொல்றீங்க, சிகிச்சைன்னும் சொல்றீங்க. ரெண்டுல எது இது?"

சிகிச்சை உங்கள் குழந்தைக்காக நடப்பது. ஆய்வு ஒரு கேள்விக்கு விடை தேடி நடப்பது. அந்த விடை பெரும்பாலும் இனிப் பிறக்கப்போகிற குழந்தைகளுக்குத்தான் பயன்படும். ஒரே வார்டில், ஒரே மருத்துவர் கையால் இரண்டும் சேர்ந்தே நடப்பதால் குழப்பம் வருகிறது. "டாக்டர் சொல்கிறார் என்றால் நம் குழந்தைக்கு நல்லதாகத்தான் இருக்கும்" என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம். அந்த நினைப்பை நாங்களே கலைத்துவிட வேண்டும்.

அதற்கு ஒரு கேள்வி போதும்: "ஆய்வில் சேராவிட்டால் இதில் எதெல்லாம் நடக்கும், எதெல்லாம் நடக்காது?" விளக்குபவரால் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.

எல்லா ஆய்விலும் மருந்து கொடுப்பார்கள் என்றில்லை. சிலவற்றில் குழந்தையின் எடை, மூச்சு, பால் குடிக்கும் அளவு என்று எப்படியும் குறிக்கப்படுகிற விவரங்களைத் திரட்டுவார்கள், அவ்வளவுதான். இவை கவனிப்பு ஆய்வுகள். மருந்தையோ கருவியையோ கொடுத்துப் பார்த்தால் அது சிகிச்சைச் சோதனை. கீழே வருகிற கேள்விகளில் முக்கால்வாசி இந்த இரண்டாம் வகையைப் பற்றியவை.

"பெரியவங்களுக்குச் சோதிச்ச மருந்தையே அளவைக் குறைச்சுக் கொடுத்தா போதாதா?"

போதாது. இதை உலகம் மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 1950களில் க்ளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கைக் குறைமாதக் குழந்தைகளுக்கு, தொற்று வராமல் இருக்கட்டும் என்று முன்கூட்டியே கொடுத்தார்கள். சில குழந்தைகளுக்கு வயிறு உப்பி, உடம்பு சாம்பல் நிறமாகி, உயிர் போனது. 1959இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர்கள் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. மருந்தே பெறாத குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இறந்திருந்தது. க்ளோராம்பெனிகால் பெற்றவர்களில் ஐந்தில் மூன்று.

அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. பிறந்த குழந்தையின் கல்லீரலில் அது இன்னும் சரியாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதனால் மருந்து உடம்பிலேயே தேங்கிவிடுகிறது. சிறுநீரகம், தோல், மூளையைச் சுற்றியுள்ள தடுப்பு, உடம்பிலுள்ள நீரின் அளவு என எல்லாமே பிறந்த குழந்தைக்கு வேறு, ஆறு மாதத்தில் வேறு, ஆறு வயதில் வேறு. சில மருந்துகளில் நிலைமை தலைகீழ்: இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்குப் பெரியவர்களைவிட அதிக அளவு தேவைப்படும். எடையை வைத்து வகுத்துக் கொடுத்தால் இந்த வித்தியாசம் எதுவும் கணக்கில் வராது.

"பிறந்த குழந்தை மேல போய் யாராவது ஆராய்ச்சி பண்ணுவாங்களா? பாவமா இல்லையா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தாயை நான் பார்த்ததில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆராய்ச்சி செய்யாமல் விட்டபோது என்ன நடந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

1940களில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுப்பது வழக்கமானது. ஆக்சிஜன் உயிர்க்காற்று, அதிகம் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில்தான் குழந்தைகள் அதிகமாகப் பார்வை இழந்தன. உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. சந்தேகப்பட்டு அமெரிக்காவில் முதலில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குறைந்த ஆக்சிஜன் குழுவில் இருந்த குழந்தைகளுக்குச் செவிலியர்கள் சிலர் இரவில் யாரும் பார்க்காதபோது ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்களாம். அது பாசத்தால் செய்தது. அவர்கள் இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட அந்த ஆக்சிஜன்தான் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தது. 1953-54இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வுதான் அதை உறுதிப்படுத்தியது.

சோதிக்கப்படாத மருந்தைக் கொடுப்பதும் ஒரு சோதனைதான். அதில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, யாரும் உங்களிடம் அனுமதி கேட்பதுமில்லை. இன்றும் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிற குழந்தைகளில் பெரும்பாலோர், அந்த வயதுக்கென முறையாகச் சோதித்து அனுமதி பெறாத மருந்து ஒன்றையாவது பெறுகிறார்கள். வேறு வழியில்லாமல் மருத்துவர்கள் அனுபவத்தை வைத்துக் கொடுக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை பாவம் என்று சொல்ல வேண்டியது இந்த நிலைமையைத்தான்.

"குலுக்கல் போட்டா முடிவு பண்ணுவீங்க? டாக்டருக்கு எது நல்லதுன்னு தெரியாதா?"

எந்தக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சோதனைகளில் பெரும்பாலும் குலுக்கல்தான் தீர்மானிக்கும். ஆனால் எது நல்லது என்று உண்மையிலேயே தெரிந்திருந்தால் குலுக்கல் போடக் கூடாது. அது தவறு. இரண்டு சிகிச்சையில் எது மேல் என்று மருத்துவ உலகத்துக்கே தெளிவில்லாதபோதுதான் குலுக்கலுக்கு அனுமதி கிடைக்கும். மருத்துவரே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? உடல்நிலை மோசமான குழந்தைகளுக்குப் புது மருந்தும், கொஞ்சம் தேறியவர்களுக்குப் பழைய மருந்தும் போய்ச் சேரும். கடைசியில் வித்தியாசம் மருந்தால் வந்ததா, குழந்தைகளின் நிலையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குழந்தைகள் அமைவார்கள்.

எல்லோருக்கும் நன்றாகத் தெரியும் என்று நினைத்தது பொய்த்துப்போன கதை ஒன்று உண்டு. கடும் தொற்றோடும் ரத்த ஓட்டம் குறைந்தும் வருகிற குழந்தைக்கு உடனே நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது பாடப்புத்தகத்தில் இருந்த சிகிச்சை. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளைச் சேர்த்து அதைச் சோதித்தார்கள். ஃபீஸ்ட் என்று பெயர். 2011இல் முடிவு வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றிய குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 10.5 சதவீதம். ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். அந்த மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் போன்ற வசதிகள் கிடையாது என்பதால் இதை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அனுபவமுள்ள எந்த மருத்துவரும் இப்படி ஒரு முடிவு வரும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்.

"டம்மி மருந்தைக் கொடுத்து ஏமாத்திடுவீங்களா?"

டம்மி என்றால் பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. அது இருக்கிறது என்பதைப் படிவத்திலேயே எழுதி, வாயாலும் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால்தான் ஏமாற்று. அப்புறம் ஒன்று: நிரூபணமான சிகிச்சை இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு டம்மி கொடுப்பதை, ஆய்வுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாது. இரண்டு குழுக்களுக்கும் வழக்கமான கவனிப்பு முழுதாகக் கிடைக்கும். அதன் மேல் ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொன்றுக்கு டம்மி.

குறைமாதக் குழந்தைகள் திடீரென்று மூச்சு விட மறப்பதற்குக் கஃபீன் கொடுக்கிறார்களே, அதன் கதையைப் பாருங்கள். பல வருடமாகப் புழக்கத்தில் இருந்த மருந்து. பிஞ்சு மூளைக்கு நாளடைவில் என்ன செய்யும் என்று மட்டும் தெரியாது. 500 முதல் 1,250 கிராம் எடையுள்ள 2,006 குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கஃபீனும் பாதிப் பேருக்கு வெறும் உப்புக் கரைசலும் கொடுத்தார்கள். கஃபீன் பெற்றவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு குறைந்தது. ஒன்றரை வயது தாண்டிப் பார்த்தபோது மூளைவாதமும் (மூளை பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராத நிலை) குறைவு: 4.4 சதவீதம், மறுபக்கம் 7.3. அந்த டம்மிக் குழு இல்லாவிட்டால், கஃபீன் மூளைக்குக் கெடுதலோ என்ற பயம் இன்றும் தொடர்ந்திருக்கும்.

"எந்த மருந்துன்னு டாக்டருக்கே தெரியாதாமே. ராத்திரி அவசரம்னா என்ன பண்ணுவீங்க?"

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சங்கேத எண் இருக்கும். அது எந்த மருந்து என்ற குறிப்பு பூட்டி வைக்கப்பட்டிருக்கும். சிகிச்சைக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எந்த நேரத்திலும் அதைத் திறக்கலாம். யார் திறப்பார்கள், எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏற்கெனவே இத்துனூண்டு இருக்கு. இதுல ரத்தம் வேற எடுக்கணுமா?"

நியாயமான பயம். பிறந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 80 முதல் 90 மில்லி ரத்தம்தான் இருக்கும். ஒரு கிலோ குழந்தை என்றால் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே ஒரு சின்ன டம்ளர் அளவு. ஐரோப்பிய வழிகாட்டுதல் ஆய்வுக்காக எடுக்கும் ரத்தத்துக்கு இப்படி வரம்பு வைக்கிறது: ஒரே நேரத்தில் மொத்த ரத்தத்தில் 1 சதவீதம், நான்கு வாரத்தில் 3 சதவீதம். அந்த ஒரு கிலோ குழந்தைக்கு இது ஒரு தடவைக்கு 1 மில்லிகூடக் கிடையாது. நான்கு வாரம் முழுக்கச் சேர்த்தாலும் அரை டீஸ்பூன்.

அதனால் ஆய்வாளர்கள் சிக்கனமாகத்தான் வேலை செய்தாக வேண்டும். வழக்கமான பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சம் இருப்பதைப் பயன்படுத்துவார்கள். குதிகாலில் குத்தி, வடிதாளில் ஒரு சொட்டு உலர வைத்தே சில மருந்துகளின் அளவைப் பார்த்துவிடலாம். எப்படியும் ஊசி குத்துகிற நேரத்தோடு சேர்த்து எடுப்பார்கள், முடிந்தவரை தனியாகக் குத்த மாட்டார்கள். "ஆய்வுக்கென்று தனியாக எத்தனை தடவை குத்துவீர்கள், மொத்தம் எத்தனை மில்லி?" என்று கேளுங்கள். படிவத்தில் எண்ணாகவே இருக்க வேண்டும். "சிறிதளவு" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குத்தும்போது தாய்ப்பால் கொடுப்பதும், தோலோடு தோல் சேர்த்து அணைத்திருப்பதும் வலியைக் குறைக்கும். கேட்டால் அனுமதிப்பார்கள்.

"கையெழுத்துப் போட்டாச்சு. நடுவுல வேண்டாம்னா விடுவீங்களா?"

விட்டே ஆக வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. சிகிச்சை குறையக் கூடாது, முகமும் மாறக் கூடாது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: நீங்களாகவே மருந்தைப் பட்டென்று நிறுத்திவிடாமல் எங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

"பிரசவ வலியில இருக்கும்போது காகிதத்தை நீட்டினா நான் என்னத்தை யோசிக்கறது?"

இந்தத் துறையில் இன்னும் சரியாகத் தீர்க்கப்படாத சிக்கல் இது, அதை ஒளிக்க விரும்பவில்லை. பிறந்து சில நிமிடங்களுக்குள், சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய சிகிச்சைகளைச் சோதிக்கும்போது யோசிக்க நேரமே இருக்காது. வலியிலும் மயக்கத்திலும் இருக்கும் தாயிடம் பதினைந்து பக்கப் படிவத்தில் வாங்குகிற கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதற்குச் சில வழிகள் உண்டு. குறைப்பிரசவம் ஆகலாம் என்று தெரிந்தவுடன், கர்ப்ப காலத்திலேயே பேசிவிடுவது ஒன்று. முதலில் சுருக்கமாகச் சொல்லி வாய்மொழிச் சம்மதம் பெற்று, நிலைமை அடங்கியபின் உட்கார்ந்து முழுதாக விளக்கி எழுத்தில் வாங்குவது இன்னொன்று. சில நாடுகளில், நெறிமுறைக் குழு முன்னதாகவே அனுமதித்திருந்தால், மிக அவசரமான சிகிச்சைகளைத் தொடங்கிவிட்டுப் பிறகு பெற்றோரிடம் ஒப்புதல் கேட்கிறார்கள். ஃபீஸ்ட் ஆய்விலும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. இதில் எந்த வழியானாலும் பெற்றோர் மறுத்தால் குழந்தையை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரும்ப வந்து "நேற்று சொன்னது புரிந்ததா?" என்று கேட்கும் வழக்கத்தை நான் விடுவதில்லை. யாரும் வராவிட்டால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

"பையனுக்கு ஒன்பது வயசு. அவன்கிட்ட வேற கேட்கணுமா? நாங்க சொன்னா போதாதா?"

கேட்க வேண்டும். பல நாடுகளின் வழிகாட்டுதல்கள் ஏழு வயதை ஒட்டி, குழந்தையின் சம்மதத்தையும் தனியாகக் கேட்கச் சொல்கின்றன. சட்டப்படி அனுமதி கொடுப்பது பெற்றோர்தான். ஆனாலும் "எனக்கு வேண்டாம்" என்று குழந்தை சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்கிறது ஹெல்சின்கி பிரகடனம். மருத்துவ ஆய்வுக்கான அந்த உலக நெறிமுறை 1964இல் உருவாகி, பலமுறை திருத்தப்பட்டது. உயிர்காக்கும் சிகிச்சை அந்த ஆய்வில் மட்டுமே கிடைக்கிறது என்பது போன்ற நிலைமைகளுக்கு விதிவிலக்கு உண்டு.

இந்த விதிகளெல்லாம் சும்மா வரவில்லை. நியூயார்க்கின் வில்லோபுரூக் என்ற விடுதியில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்து 1956 முதல் பல வருடம் ஆராய்ந்தார்கள். பெற்றோர் கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்து மட்டும் போதாது என்று உலகம் புரிந்துகொள்ள அந்தக் குழந்தைகள் கஷ்டப்பட வேண்டியிருந்தது.

"ஏதாவது தப்பா நடந்தா யார் பார்க்கறது? நீங்களேதானே நடத்தறீங்க?"

ஆய்வு தொடங்கும் முன் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். அதில் மருத்துவர்களோடு, மருத்துவம் சாராதவர்களும் இருப்பார்கள். பெரிய சோதனைகளில் இதுபோக, ஆய்வாளர்களோடு சம்பந்தமில்லாத பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கும். யாருக்கு எந்த மருந்து என்று எங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவர்கள் பிரித்துப் பார்க்க முடியும். நடுவிலேயே எண்ணிப் பார்த்து, ஒரு பக்கம் கெடுதல் தெரிந்தால் நிறுத்தச் சொல்வார்கள். மேலே சொன்ன ஃபீஸ்ட் அப்படித்தான் நிறுத்தப்பட்டது.

நல்லது தெரிந்தாலும் நிறுத்துவார்கள். பிறந்தவுடனே, குழந்தை நிலைப்படும் வரை காத்திருக்காமல், தாயின் மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் சோதித்தது. 3,211 குழந்தைகள். முதல் 28 நாட்களில் இறந்தவர்கள் அந்தக் குழுவில் 12 சதவீதம், வழக்கமான முறையில் 15.7 சதவீதம். வித்தியாசம் தெரிந்ததும் இனி யாரையும் மறுபக்கம் வைக்கக் கூடாது என்று புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 2021இல் வெளிவந்த முடிவு இது.

ஆய்வால் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

"சேர்ந்தா காசு கொடுப்பீங்களாமே?"

போக்குவரத்து, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளின் இழப்பு இவற்றை ஈடு செய்யலாம். அதற்கு மேல் கொடுப்பது பெற்றோரைக் காசுக்காகச் சம்மதிக்க வைப்பது. அப்படி யாராவது ஆசை காட்டினால் நெறிமுறைக் குழுவிடம் சொல்லுங்கள்.

"மருந்து கொடுத்து முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் ஏன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க?"

உங்களுக்கு இது தொந்தரவு என்று தெரியும். குழந்தை ஆய்வில் விட்டுவிடவே முடியாத பகுதி இதுதான். 1990களில் வென்டிலேட்டரில் இருந்து சீக்கிரம் எடுக்க, பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தாராளமாகக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே குழந்தை தானாக மூச்சு விட்டது, டியூபை எடுத்தார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து நடக்கவேண்டிய வயது வந்தபோதுதான், பிறந்த முதல் வாரத்திலேயே மருந்து பெற்றவர்களிடம் மூளைவாதம் அதிகம் என்று தெரிந்தது. வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்று 2002இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவித்தது. டிஸ்சார்ஜ் நாளோடு ஆய்வை முடித்திருந்தால் அது வெற்றி பெற்ற மருந்தாகவே இருந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைக் கண்டு பயப்படாதீர்கள். அது வேறு. குறைப்பிரசவம் நெருங்கும்போது குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்த இரண்டொரு ஊசி. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹவி என்ற இரண்டு மருத்துவர்கள் 1972இல் 282 தாய்மாரிடம் சோதித்து வெளியிட்டது, பின்னால் பல ஆய்வுகளில் உறுதியானது. வருத்தம் என்னவென்றால், அது பரவலாகப் புழக்கத்துக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

"வெளிநாட்டுல நல்லா வேலை செய்யுதுன்னு நிரூபிச்சாச்சே. இங்க எதுக்கு மறுபடி எங்க குழந்தை?"

பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடம்பை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் குளிர வைப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. உயிரையும் மூளையையும் காக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டின. அதையே ஹீலிக்ஸ் என்ற ஆய்வில் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2021இல் வந்த முடிவில், குளிர வைத்த குழுவில் 42 சதவீதக் குழந்தைகள் இறந்திருந்தன. வைக்காத குழுவில் 31 சதவீதம். இந்தக் குழந்தைகளுக்கு மூளைக் காயம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று.

தாயின் உடல்நலம், தொற்று, பிரசவம் நடக்கிற விதம், குழந்தை வார்டுக்கு வந்து சேர ஆகும் நேரம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்துக் குழந்தையைக் காப்பாற்றியது இன்னோரிடத்தில் கெடுதல் செய்யலாம். அதனால்தான் மறுபடி கேட்கிறோம்.

"இது ரொம்ப அரிய நோய்னு சொல்லிட்டீங்க. அப்புறமும் பாதிக் குழந்தைங்களுக்கு மருந்து தராம விடறது என்ன நியாயம்?"

பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. எஸ்.எம்.ஏ. என்ற முதுகுத்தண்டுத் தசைநார் நோயின் கடும் வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. நுசினெர்சென் என்ற மருந்தைச் சோதித்தபோது 122 குழந்தைகளைப் பாதிப்பாதியாகப் பிரிக்காமல், மூன்றில் இரண்டு பேருக்கு மருந்து கிடைக்கும்படி குலுக்கினார்கள். மீதிப் பேருக்கு முதுகில் ஊசியால் லேசாகக் குத்தி, மேலே ஒரு பேண்டேஜ் ஒட்டினார்கள்; மருந்து உள்ளே போகவில்லை. இடைக்காலக் கணக்கிலேயே பலன் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டு, மறுபக்கம் இருந்தவர்களுக்கும் மருந்து தந்தார்கள். மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் தலை நிற்பது, உட்காருவது போன்ற வளர்ச்சியில் முன்னேறினார்கள். மறுபக்கம் ஒருவர்கூட இல்லை.

அதற்குள் மறுபக்கம் சில குழந்தைகள் இறந்துவிட்டார்கள். அந்தப் பெற்றோரிடம் நியாயம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் மருந்து பலன் தரும் என்று தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. தெளிவான நிரூபணம் இருந்ததால்தான் 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்து மற்றக் குழந்தைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இப்படிப்பட்ட ஆய்வில் சேரும்போது கேட்க வேண்டியது: இடைக்காலக் கணக்கு எப்போது பார்ப்பீர்கள்? முடிந்தபின் எல்லோருக்கும் மருந்து உண்டா? எத்தனை காலத்துக்கு?

"ரெண்டுமே வழக்கமா கொடுக்கற அளவுதான்னு சொல்லிச் சேர்த்துட்டு, அப்புறம் ஒரு பக்கம் சாவு அதிகம்னு வந்தா?"

இப்படி நடந்திருக்கிறது. ஆக்சிஜன் கதை 1954இல் முடிந்துவிடவில்லை. கண்ணைக் காக்க ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் குறைத்தபோது குழந்தைகள் இறப்பது கூடியது. சரியான அளவு எது என்ற கேள்வி அரை நூற்றாண்டாகத் தொங்கிக்கொண்டே இருந்தது. சப்போர்ட் என்ற அமெரிக்க ஆய்வில் 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு ஒரு குழுவுக்கு 85-89 சதவீதம், மற்றதற்கு 91-95. இரண்டும் அன்றைக்கு மருத்துவமனைகளில் புழங்கிய அளவுகள்தான். 2010இல் வந்த முடிவு: குறைந்த அளவில் கண் பாதிப்பு பாதியாகக் குறைந்தது, ஆனால் 19.9 சதவீதம் குழந்தைகள் இறந்தன. உயர்ந்த அளவில் 16.2 சதவீதம். பின்னால் வந்த சகோதர ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் குறைந்த அளவில் இறப்பு அதிகம் என்பது உறுதியானது.

2013இல் பெரிய சர்ச்சை வெடித்தது. பார்வை, மூளை, உயிர் ஆகியவற்றுக்கு என்ன ஆபத்து என்று ஒப்புதல் படிவங்கள் போதுமான அளவு சொல்லவில்லை என்று அமெரிக்க அரசின் கண்காணிப்பு அலுவலகம் குறை கூறியது. வழக்கமான சிகிச்சைக்குள்தானே இருந்தது, கூடுதல் ஆபத்து எங்கே என்று பல ஆய்வாளர்கள் எதிர்வாதம் செய்தார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். ஆய்வு தேவைப்பட்டது, அதன் விடை இன்று குழந்தைகளைக் காக்கிறது. படிவத்தைப் பற்றிய குறையும் சரிதான். தனித்தனியாக இரண்டும் வழக்கமானவை என்றாலும், உங்கள் குழந்தை எதில் விழும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்போது, அதனால் உயிருக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் வரலாம் என்பதைப் பெற்றோருக்குப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட வேண்டும். "இரண்டும் வழக்கமானதுதான்" என்று யாராவது சொன்னால் இப்படிக் கேளுங்கள்: "எந்த வித்தியாசம் வரலாம் என்று நினைத்து இதை ஒப்பிடுகிறீர்கள்?"

"மிச்சமான ரத்தத்தையும் விவரத்தையும் அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

பெயரை எடுத்துவிட்டு எண்ணாக மாற்றி வைப்பார்கள். எதிர்கால ஆய்வுக்கும் வைத்துக்கொள்ளலாமா, மரபணு பார்க்கலாமா, வேறு நாட்டுக்கு அனுப்பலாமா என்பதற்கெல்லாம் தனித்தனியாக ஆம், இல்லை என்று கட்டம் இருக்க வேண்டும். ஒன்றுக்குச் சரி சொல்லி மற்றதற்கு மறுக்கலாம். அப்படி மறுத்தாலும் ஆய்வில் இருக்கலாம். குழந்தை வளர்ந்து உரிய வயது வந்ததும் அதனிடமே மறுபடி ஒப்புதல் கேட்பது நல்ல நடைமுறை.

"கடைசியில என்ன தெரிஞ்சதுன்னு எங்களுக்கு யாராவது சொல்வாங்களா?"

சொல்ல வேண்டும். உண்மையில் பல இடங்களில் சொல்வதில்லை, அது எங்கள் பக்கத்துக் குறை. சேரும்போதே "முடிவை எனக்குத் தெரிவியுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். முகவரியோ ஃபோன் எண்ணோ மாறினால் தகவல் சொல்லுங்கள். குழந்தை எந்தக் குழுவில் இருந்தது என்பதையும், எல்லாம் முடிந்து பூட்டைத் திறந்தபின் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சிகிச்சைச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு எண் உங்கள் படிவத்தில் இல்லையென்றால் கேட்டு, முதல் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து, ஆய்வு நடக்கிறதா, நின்றுவிட்டதா, முடிவு வந்ததா என்று எப்போது வேண்டுமானாலும் நீங்களே தேடிப் பார்க்கலாம். மருந்து பலன் தரவில்லை என்று முடிவு வந்தாலும் அதை வெளியிட்டாக வேண்டும். வெளியிடாவிட்டால் வேறெங்கோ இன்னொரு குழு அதே மருந்தை இன்னும் சில நூறு குழந்தைகளிடம் மறுபடி சோதிக்கும்.